கிளை கழித்தலும் மடக்கு ரம்பமும்

மரத்தை வெட்டுவது வேறு; மரத்திற்குக் கவாத்துச் செய்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதி நடக்கும் வழக்கம் நம்மிடையே ஊன்றிவிட்டது என்பதற்கு, நமது கல்லூரி வளாகத்திலும் அதனைச் சூழ்ந்த சாலைகளிலும் நிற்கும் மரங்களே சான்று பகரும். ஐப்பசி மழைக்கு முன்னர் அரிவாளுடன் ஆட்கள் வருகின்றனர். பட்ட கிளை, பச்சைக் கிளை என்னும் வேற்றுமையின்றிக் கைக்கு எட்டியதெல்லாம் வெட்டுண்டு வீழ்கின்றது. மாலையில் வண்டி வந்து தழையை வாரிச் சென்றபின், மரம் மொட்டைத் தலையுடன் நிற்கின்றது. பிளந்த கட்டைகளும், நாராய் உரிந்து தொங்கும் பட்டையும், பன்முறை கொத்துண்ட வடுக்களும் அதன் உடம்பெங்கும் காணப்படும். வேலை முடிந்ததென்று நாமும் நிறைவடைகின்றோம்.

உயிருள்ள கிளையைக் கழிப்பதற்கு அரிவாள் ஏற்ற கருவியன்று, ரம்பமே ஏற்றது. அதனினும், பேனாக்கத்தியைப் போல் அலகை மடக்கிப் பிடிக்குள் அடக்கிக்கொள்ளும் சிறிய மடக்கு ரம்பமே நம் போன்றோர் கையாளத் தக்கது. இதுவே யான் ஈண்டு வற்புறுத்த விழைவது.

அரிவாள் நம் முன்னோர் வகுத்த கருவி. அதனை இகழ்வது என் நோக்கமன்று. தென்னை மட்டையைக் கழிக்கவும், மூங்கிலைப் பிளக்கவும், வேலிக்குக் கழி சீவவும் அதற்கு நிகர் வேறில்லை. தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வயிரமுடைய தென்னை, பனை முதலியவற்றைப் புல்லினத்தில் வைத்து, அகத்தே வயிரமுடையனவற்றையே மரம் என்றார். அப்பகுப்பு இங்கு மிகவும் பயன்படுவது. யான் கூறப்போகும் முறைகள் யாவும் வேம்பு, புங்கு, மா, தூங்குமூஞ்சி போன்ற அகவயிர மரங்களுக்கே உரியன. இவற்றின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஆண்டுதோறும் புதுக் கட்டையை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உளது. பனையினத்திற்கு அது கிடையாது. அப்படலம் எங்கே நைந்து கிழிகின்றதோ, அங்கே மரத்தின் துன்பம் தொடங்குகின்றது.

அரிவாள் வீச்சினால் வெட்டுவது. மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை ஒரே வெட்டில் துணிப்பவர் அரியர்; நான்கைந்து வெட்டுகள் நான்கைந்து சாய்வுகளில் விழும். கவையின் இடுக்கில் கையை வீச இடமிராது. ஆகவே வெட்டுவோர் ஒன்று, கிளையில் ஒரு முழக் கட்டையை எஞ்ச விடுகின்றனர். அன்றேல் அடிமரத்தையே காயப்படுத்துகின்றனர். ரம்பமோ, விரல் வைத்துக் காட்டிய இடத்திலேயே அறுக்கும். கருவியின் உயர்வு வலிமையில் இல்லை, இடத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமையிலேயே உளது.

அவ்விடம் யாது? அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ (1930–2006) என்னும் அறிஞர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து அவற்றின் பழைய காயங்களை ஆராய்ந்தார். 1977-இல் அவர் வெளியிட்ட கொள்கை, மரங்களைப் பேணுவோர் எண்ணத்தையே மாற்றியது. விலங்கின் உடம்பில் புண்பட்ட தசை மீண்டும் புதுப்பிக்கப்படுவதுபோல் மரத்தில் நிகழ்வதில்லை. மரம் காயப்பட்ட கட்டையைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகலை உள்ளேயே சிறைவைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்துகொண்டு போகின்றது. ஆறியது என்று நாம் எண்ணும் காயம் உண்மையில் மூடப்பட்ட காயமே. சிறிய காயமானால் சுவர் விரைவில் நிறைவுறும். பெரியதானால் சுவர் முடியுமுன்னரே பூஞ்சணம் உட்புகுந்து அடிமரத்தின் நெஞ்சைக் குடைந்துவிடும்.

கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சட்டைக் கழுத்துப்பட்டை போன்ற சிறு புடைப்பொன்று உண்டு. வேம்பில் இதனைத் தெளிவாகக் காணலாம். மேற்புறத்தில் பட்டை சுருங்கி மடிந்து ஒரு வரையாக ஓடும். கீழ்ப்புறத்தில் சற்றே வீங்கியிருக்கும். இக்கழுத்துப் பகுதி அடிமரத்திற்கு உரியது. அதனுள்ளேதான் சுவரெழுப்பும் ஆற்றல் மிகுதியாக அமைந்துளது. எனவே, கழுத்தைத் தொடாமல் அதற்குச் சற்றே வெளியில் அறுத்தல் வேண்டும். அழகு கருதி அடிமரத்தோடு ஒட்டச் சீவுவது தவறு. துணி உலர்த்தும் முளைபோல் நீண்ட கட்டையை விடுவதும் தவறு. முன்னது சுவரையே இடித்துவிடும்; பின்னது பட்டுப்போய் அழுகலுக்கு வாயிலாகும். தார் பூசினால் காயம் காக்கப்படும் என்னும் நம்பிக்கையும் ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. செம்மையாக அறுத்த வாயைக் காற்றுக்கு விட்டுவிடுவதே போதும்.

இனி அறுக்கும் முறை. கனத்த கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், அறுப்பு முடியுமுன்னரே கிளை தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்தின் பட்டையை ஒரு முழத்திற்கு உரித்துக்கொண்டு விழும். இதனைத் தவிர்க்க மூன்று அறுப்புகள் வேண்டும். முதலாவது, கழுத்திலிருந்து ஒரு சாணுக்கு அப்பால் கிளையின் அடிப்புறத்தில், பருமனில் கால் பங்கு ஆழம் அறுக்க வேண்டும். இன்னும் ஆழ்ந்து சென்றால் கிளையின் பாரம் அறுப்பின் வாயை மூடி, ரம்பத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இரண்டாவது, அதனினும் இரண்டு விரற்கடை வெளியே தள்ளி மேற்புறத்திலிருந்து அறுக்க, கிளை விழும். பட்டை உரிந்தாலும் முதல் அறுப்போடு நின்றுவிடும். பாரம் நீங்கியபின், எஞ்சிய கட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கழுத்துக்கு வெளியே மூன்றாவது அறுப்பை நிதானமாக முடிக்கலாம். இதில் அவசரத்திற்கு இடமில்லை. காயத்தின் வடிவை முடிவு செய்வது இக்கடைசி அறுப்பே.

மடக்கு ரம்பத்தின் அமைப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மேனாட்டுத் தச்சர் கைரம்பம் முன்னோக்கித் தள்ளும்போது அறுப்பது. தள்ளும்போது அலகு வளைந்துவிடாதிருக்கத் தடிப்பாக இருத்தல் அவசியம். ஜப்பானியர் ரம்பமோ இழுக்கும்போது அறுப்பது. இழுக்கப்படும் அலகு தானே நேராக நிற்குமாதலால் அதனை மிக மெல்லியதாக அடிக்கலாம். மெல்லிய அலகு குறுகிய தடத்தை அறுப்பதால் கைக்கு உழைப்பும் குறைவு. இக்காலத்து மடக்கு ரம்பங்களில் பெரும்பாலானவை இம்முறையைத் தழுவியவையே. ஜப்பானியரின் சில்க்கி ரம்பங்கள் பேர்பெற்றவை. சுவீடனில் தோன்றிய பாகோ நிறுவனத்தின் லாப்லாண்டர் என்பது 19 செண்டிமீட்டர் அலகுடையது. ஏறத்தாழ 200 கிராம் எடையே உள்ளது. பச்சை மரத்திற்குப் பெரிய பற்களும், உலர்ந்த வன்மரத்திற்குச் சிறிய பற்களும் ஏற்றவை. ஈரத்தூள் பற்களிடையே அடைத்துக்கொள்ளும் இயல்பினது. பெரும்பல்லே அதனை வெளியே வாரித் தள்ள வல்லது. பல ரம்பங்களின் பல் முனைகள் தீயூட்டி மிகக் கடினமாக்கப்பட்டவை. அவற்றை அரத்தால் தீட்ட இயலாது, மழுங்கினால் அலகையே மாற்றவேண்டும். தச்சுப் பட்டறைக்குப் பழகியவர்க்கு இது மனத்திற்கு ஒவ்வாது. எனக்கும் ஒவ்வாததே, எனினும் அம்முனைகள் நெடுநாள் உழைப்பதை மறுப்பதற்கில்லை.

அலகின் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட பருமனுள்ள கிளையை இதனால் இனிது அறுக்க முடியாது. பலர் இதனைக் குறையென்பர். யான் இதனையே இக்கருவியின் தலைசிறந்த குணமாகக் கொள்கின்றேன். நாலு விரற்கடைக்கு மேற்பட்ட பச்சைக் கிளையின்முன் ரம்பம் தயங்கும்போது, இதனை அறுக்கத்தான் வேண்டுமா என்னும் கேள்வி தானே எழும். விசை ரம்பத்தைக் கையில் கொண்டவனுக்கு அக்கேள்வி எழுவதில்லை. எழுமுன்னரே கிளை தரையில் கிடக்கும்.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வார்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. அதுமுதல், மொட்டையடித்துவிட்டால் மரம் காற்றுக்குத் தப்பும் என்று வாதிப்போர் தொகை மிகுந்துளது. இவ்வாதம் ஓரிரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். தலையிழந்த மரம் பசியால் துடைப்பம்போல் எண்ணிறந்த தளிர்க் கொம்புகளை விடும். அவை கட்டையின் உள்ளிருந்து கிளைத்தவையல்ல. மேற்பட்டையை ஒட்டியே முளைத்தவை. விரைந்து நீண்டு கனத்து, பற்றுக்கோடின்றி அடுத்த பெருங்காற்றில் முறிந்து வீழ்பவை இவையே. மாறாக, மரம் இளமையாய் இருக்கும்போதே ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும், குறுகிய கவையில் போட்டியிடும் இரண்டாம் தலையையும் சிறு ரம்பத்தால் நீக்கி வந்தால், முதிர்ந்தபின் பெருங்கிளையை வெட்டும் தேவையே அரிதாகும். ஒரே பருவத்தில் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கலாகாது. கூடுகட்டிய பறவை உளதாவென்று முதலில் அண்ணாந்து பார்ப்பதும் நம் கடமை.

இது நிற்க. விடுமுறையில் மலைநாடு சென்று கூடாரமடித்துத் தங்கும் மாணாக்கர் இக்கருவியைப் பெரிதும் விரும்புகின்றனர். கோடரியைவிட இது நல்லதென்பதில் ஐயமில்லை. பழகாதவன் கையில் கோடரி வழுக்கினால் முழங்காலில் பாயும். ரம்பம் வழுக்கினால் பெரும்பாலும் விரலில் கீறலோடு போகும். அக்கீறலும் வேண்டாவெனின், முதல் இழுப்பை மெதுவாக இழுக்கவும், பிடித்திருக்கும் கையை அலகின் வழியில் வையாதிருக்கவும் பழகவேண்டும். வீழ்ந்த கட்டையை அறுக்கும்போது, அறுக்கும் இடத்திற்கு அருகில் தாங்கல் கொடுத்து நுனியை வெளியே தொங்கவிட்டால், வாய் தானே திறந்து ரம்பத்திற்கு வழிவிடும்.

ஆனால் காட்டில் அறுப்பதற்கு நமக்கு உரிமை உண்டா? லாப்லாண்டர் தோன்றிய சுவீடனில், பிறர் நிலத்திலும் காட்டிலும் எவரும் உலவலாம், இரவு தங்கலாம் என்னும் பழைய பொதுவுரிமை நிலவுகின்றது. தரையில் வீழ்ந்த சுள்ளியைப் பொறுக்கித் தீமூட்டலாம். உயிருள்ள மரத்தில் ஒரு கிளையையேனும் ஒடிக்கலாகாது. அத்துணைத் தாராளமான நாட்டிலேயே இவ்வரம்பு உளதென்பதைக் கருதுக. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டமும், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் ஒதுக்குக் காடுகளிலும் சரணாலயங்களிலும் இசைவின்றி மரம் அறுப்பதைத் தடுக்கின்றன, தீமூட்டுவதையும் கட்டுப்படுத்துகின்றன. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீ, மலையேறச் சென்றோர் பலரைப் பலிகொண்டதை நாம் மறக்கலாகாது. ஆகவே கூடார ரம்பத்திற்கு உரிய இடம் நம் தோப்பும், இசைவு பெற்ற முகாம் நிலமுமே. அங்கும் வீழ்ந்து உலர்ந்ததையே அறுத்தல் வேண்டும். நின்றபடி பட்டுப்போன மரம் விறகாகத் தோன்றும். கிளிக்கும் ஆந்தைக்கும் அதன் பொந்துதான் வீடு.

கல்லூரியாருக்கு என் வேண்டுகோள் சிறியது. மரத்திற்கு மொட்டையடிக்கும் ஆண்டுச் சடங்கை நிறுத்தி, மூன்று மடக்கு ரம்பங்களை வாங்கித் தோட்டக்காரருக்கும் நாட்டு நலப்பணித் திட்ட மாணாக்கருக்கும் அளித்து, தாவரவியல் ஆசிரியர் ஒருவரைக்கொண்டு அரைநாள் பயிற்சி தருதல் வேண்டும். தரையில் நின்று எட்டும் கிளைகள் மட்டுமே மாணாக்கர் பங்கு. ஏணி வேண்டுவனவும், மின்கம்பிக்கு அருகில் உள்ளனவும் பயின்ற பணியாளர்க்கே உரியன. ஒரு மரத்தின் நோய் மற்றொன்றிற்குப் பரவாதபடி, மரத்திற்கு மரம் அலகைச் சாராயச் சத்துத் தோய்ந்த துணியால் துடைத்தல் நன்று. வேலை முடிந்தபின் பிசினைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் இட்டு மடக்கிவைத்தால் துருவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

விடுதிக்குச் செல்லும் வழியில் நிற்கும் வேம்பில், சென்ற ஆண்டு வெட்டியவர்கள் விட்டுச் சென்ற கட்டைகள் மூன்று பட்டுப்போய் நிற்கின்றன. மூன்றும் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்திலேயே உள்ளன. அவற்றின் அடியில் கழுத்துப் புடைப்பு இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. மழைக்கு முன் அவற்றிலிருந்து தொடங்கலாம்.