பலகை தடித்தால்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றியவர்களுக்கு ஒலியின் பாடம் புதிதல்ல. பட்டத்தில் பூட்டும் 'விண்' என்ற கூவியின் நாரை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் கூவல் உயரும். தாளின் நிறத்தை மாற்றினால் கூவலுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பீக்கர் கிட் ஒன்றை வாங்கி, அதன் பெட்டியைத் தன் விருப்பத்துக்குத் திருத்த நினைப்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியதும் இதுதான்: எது நார், எது தாள்?

பெட்டி ஏன் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கக் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. வெறுமனே மேசையில் வைத்தால் இரண்டும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழிக்கும். தாழ்ந்த ஒலி காணாமற் போகும். சின்ன ஸ்பீக்கரை மண்பானை வாயில் பொருத்திப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். பானை பின்னலையைச் சிறைப்பிடித்ததும் மத்தளத்துக்கு உயிர் வந்துவிடும்.

ஆனால் பெட்டி வெறும் சிறையல்ல. உள்ளே இருக்கும் காற்று ஒரு வில்சுருள். அது எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவெண்களிலிருந்தும் கணக்கிடும் வழியை அவுஸ்திரேலியரான நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து றிச்சர்ட் ஸ்மோல் எழுபதுகளிலும் வகுத்துக் கொடுத்தார்கள். கிட் வரைபடத்தில் உள்ள உட்கொள்ளளவு அப்படிப் பிறந்த எண்.

இங்கேதான் நல்ல மனதோடு செய்யும் பிழை நேர்கிறது. '18 மில்லிமீற்றர் பலகை மெல்லிசு, 25 போடுவம், உறுதியாய் நிக்கும்' என்பார் ஓடாவி. உறுதி பற்றி அவர் சொல்வது சரி. ஆனால் வெளியளவை அப்படியே வைத்துக்கொண்டு பலகையைத் தடிப்பாக்கினால் என்ன ஆகும்? வெளியே 230 அகலம், 380 உயரம், 300 ஆழம் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 18 மில்லிமீற்றர் பலகையில் உள்ளே 17.6 லீற்றர் காற்று இருக்கும். 25இல் அது 14.9 லீற்றராகிவிடும். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது! துளைக்குழாய் உள்ள பெட்டியென்றால், 45 ஹேர்ட்ஸில் சுருதி சேர்த்திருந்தது 49க்கு ஏறிவிடும். தடிப்பை வெளிப்பக்கமாகக் கூட்டுங்கள்; உள்ளளவைத் தொடாதீர்கள். முன்பலகை தடித்தால், ஸ்பீக்கர் துளையின் பின்விளிம்பைச் சரிவாகச் சீவிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கூம்பு ஒரு சுரங்கத்துக்குள் மூச்சுவிடும்.

இதைவிட நுட்பமானது முன்பலகையின் அகலம். உயர்ந்த ஒலி பலகையில் பட்டு முன்னோக்கி வரும். தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றி நாலாபக்கமும் பரவும். 230 மில்லிமீற்றர் அகலத்தில் இந்த மாற்றம் ஏறத்தாழ 500 ஹேர்ட்ஸில் நடக்கிறது; 300 ஆக்கினால் 380க்கு இறங்கிவிடும். கிட்டோடு வரும் குறொஸ்ஓவர், அதாவது ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் சுற்று, பழைய அகலத்துக்கே ஈடுசெய்யும். ஆகவே வடிவமைப்பாளரோடு வாதாடக்கூடாத இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அழகுக்காக, உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை ஒரு சாண் மேலே தூக்குவதும் இதே வகைப் பிழை: இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியும் காதில் சேரும் நேரம் குழம்பிவிடும்.

மற்றபடி தாராளமாகக் கை வையுங்கள். உயரத்தைக் கூட்டி ஆழத்தைக் குறைக்கலாம், உட்கொள்ளளவும் ஸ்பீக்கர்களின் இடமும் மாறாதிருந்தால். உள்ளே குறுக்குச் சட்டம் வைக்கலாம். அது தின்னும் இடத்தைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். மரத்தையும் மாற்றலாம், இங்கே மாற்றவே வேண்டும். கடற்காற்று அடிக்கும் வீட்டில் அழுத்திய மரத்தூள் பலகை விளிம்பில் ஊதிவிடும். படகுக்குப் போடும் பிளைவூட் தாங்கும். மூட்டுகளில் காற்று கசியக்கூடாது. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற கப்பலைக் கட்டிய ஊர் வல்வெட்டித்துறை. பலகை இடுக்கை அடைப்பது பற்றி இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பெட்டி வளைந்ததாகவோ சரிந்ததாகவோ இருந்து கணக்கு மசியாவிட்டால், முன்பலகையை ஒட்டுமுன் பெட்டியை மல்லாத்தி வைத்து, ஒரு லீற்றர் பேணியால் காய்ந்த நெல்லை அளந்து விளிம்புவரை கொட்டிப் பாருங்கள். அதில் ஸ்பீக்கரின் காந்தமும் குழாயும் சட்டமும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் வருவதுதான் வரைபடத்து எண்ணோடு பொருந்த வேண்டும்.