எண்ணெய்த் துளியில் விட்டுப்போன பெயர்

கடையில் ஒரு முட்டை வாங்கலாம். இரண்டு வாங்கலாம். ஒன்றரை முட்டை கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்!

மின்சாரமும் அப்படித்தான். அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானின் மின்னூட்டம்தான் அந்த ஒரு முட்டை. புரோட்டானுக்கும் அதே அளவுதான். ஒன்று எதிர் மின்சாரம். மற்றது நேர் மின்சாரம். (குவார்க் என்னும் துகள்களுக்கு இதில் மூன்றில் ஒரு பங்கும் உண்டு. ஆனால் அவை தனியாக வெளியே வருவதில்லை.)

இதை அளந்து காட்டியவர் யார்?

"மில்லிகன்" என்கிறது பள்ளிப் புத்தகம். அவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர். 1923-ல் நோபல் பரிசு பெற்றார்.

பரிசு கொடுத்தது சரி. ஆனால் ஒரு பெயர் விட்டுப்போய்விட்டது. ஹார்வி பிளெட்சர்! மில்லிகனின் மாணவர்.

முதலில் தண்ணீர்த் துளிகளை வைத்து அளந்தார்கள். அவை நொடியில் ஆவியாகிவிட்டன. எண்ணெய் அப்படி ஆவியாகாது. 1909-ல் பிளெட்சர் கடைக்குப் போனார். வாசனைத் தைலம் தெளிக்கும் குப்பியும், கடிகாரத்துக்குப் போடும் எண்ணெயும் வாங்கி வந்தார். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே எண்ணெய்த் துளிகள் இறங்கின. வெளிச்சத்தில் அவை நட்சத்திரம் போல மின்னின. தகடுகளுக்கு மின்சாரம் கொடுத்ததும், விழுந்துகொண்டிருந்த துளிகள் சில மேலே ஏறின!

துளி விழும் வேகத்திலிருந்து அதன் எடை தெரியும். அந்த எடையைத் தாங்க எவ்வளவு மின்விசை வேண்டும் என்று பார்த்தால், துளியிலுள்ள மின்சாரம் தெரியும். ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு என்றே வந்தது. ஒன்றரைப் பங்கு வரவில்லை.

கட்டுரை எழுதும் நேரம் வந்தது. மில்லிகன் மாணவரின் வீடு தேடி வந்தார். "இந்தக் கட்டுரைக்கு என் பெயர் மட்டும். வேறொரு கட்டுரைக்கு உன் பெயர் மட்டும். அது உன் டாக்டர் பட்டத்துக்கு ஆகும்" என்பது ஏற்பாடு. பிளெட்சர் சம்மதித்தார். 1981-ல் இறக்கும் வரை இதை வெளியிடவில்லை. அவர் எழுதி வைத்தது 1982-ல்தான் அச்சில் வந்தது.

மில்லிகனை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். வேலையைத் தொடங்கியவர் அவர். பிறகும் பல ஆண்டுகள் துளிகளை அளந்தவர் அவர். இருவரும் சேர்ந்து செய்ததாகக் கட்டுரைக்குள்ளே எழுதியும் இருக்கிறார். ஆனால் தலைப்பின் கீழே ஒரே பெயர்தான்! பட்டத்துக்காகக் காத்திருக்கும் மாணவன், ஆசிரியரிடம் "முடியாது" என்று எப்படிச் சொல்வான்?

இன்றும் பிள்ளைகள் "மில்லிகன் சோதனை" என்றே படிக்கிறார்கள். "மில்லிகன் - பிளெட்சர் சோதனை" என்று அச்சிட இன்னும் ஒரு சொல்தானே வேண்டும்? அடுத்த பதிப்பில் சேர்க்கட்டும்.