அக்காள் குடிமகள், தம்பி அந்நியர்

பிறந்த மண்ணே ஒருவருக்குக் குடியுரிமை தந்துவிடுமா என்னும் வழக்கு அமெரிக்காவில் மீண்டும் மூண்டிருக்கிறது. அரசமைப்பின் 14ஆவது திருத்தம் 1868இல் உறுதிசெய்த அந்த உரிமையை, ஆவணமின்றி வந்தோரின் பிள்ளைகளுக்கு மறுக்கும் ஆணையில் அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, கையெழுத்திட்டார். இதைக் கேட்டு இங்கு வியப்போர், அதே கதவை இந்தியா 1987இல் ஒருக்களித்துச் சாத்தி, 2004இல் தாழிட்டுவிட்டதை மறந்துவிடுகின்றனர். வெளியே நிற்போரைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்திலேயே, தும்பலஅள்ளி, நாகாவதி, வாணியாறு அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், குடிமகனே. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி', அதாவது உரிய கடவுச்சீட்டின்றி நுழைந்தவர் அல்லது அனுமதிக் காலம் கடந்து தங்கியவர், ஆக இருத்தலும் கூடாது. ஆகவே 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் 2022ஆம் ஆண்டு உத்தரவால் இந்தியர் என ஏற்கப்பட்டு, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவருக்கு 1988இல் ஒரு தம்பி பிறந்திருந்தால், அவர் வெளிநாட்டவர். முகாம் இளைஞர் உள்ளூர்ப் பெண்ணை மணந்தாலும், இன்று பிறக்கும் பிள்ளையைத் தாயின் குடியுரிமை காப்பதில்லை.

தமிழகமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்கின்றனர். இவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். அதாவது, தேயிலைத் தோட்டக் கூலிகளாக இங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் நாடற்றோராக்கப்பட்டவர்களின் வழிவந்தோர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அத்தகையோரில் 5,25,000 பேரை ஏற்பதாக வாக்களித்த நாடே, பின்னர் கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்தவர்களைச் சட்டவிரோதிகள் என்பது எவ்வகை நியாயம்?

நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டுவோர் உண்டு. எல்லையைக் காக்கும் உரிமை எந்த அரசுக்கும் உள்ளதே. ஆனால் இவர்கள் ஒளிந்து வாழ்பவர்கள் அல்லர். பெயரும் புகைப்படமும் அரசிடம் இருக்க, மாதந்தோறும் பதிவேட்டின்முன் ஆள்கணக்குக் கொடுத்து, குடும்பத் தலைவர் 1,500 ரூபாயும் பிற பெரியவர்கள் 1,000 ரூபாயும் பெறுகின்றனர். மாநில அரசு 2021இல் முகாமுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் சூட்டி வீடுகளும் கட்டத் தொடங்கியது. வீட்டுக்குப் பட்டியல் உண்டு, வாக்குக்கு இல்லை.

குடியுரிமைச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டவரில் முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தாருக்கு மட்டும் விலக்களித்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து மட்டும் விலக்குத் தந்தது. குற்றம் மன்னிக்கப்பட்டது, குடியுரிமை வரவில்லை. நாடு திரும்ப விரும்புவோருக்கு வழிச்செலவும் ஆவணமும் கிடைக்கட்டும். இங்கேயே பிறந்தவர்களைப் பொறுத்தவரை, சமயம் பாராமல் அவர்களை இந்தியர் என்று ஏற்கும் திருத்தத்தை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும். தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அதைக் கேட்டுப் பெற வேண்டும்.