மதர்போட் எரிந்தால் கடன் கணக்கும் எரியுமா?

2023ஆம் ஆண்டு, பெரும்போக அறுவடை தொடங்கியிருந்த நேரம். நமது அம்பாறைக் கரையோர வியாபாரிகளுக்கு அந்த வாரங்களின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மாரி காலத்தில் கடனுக்கு எடுத்துப்போன சீமெந்துக்கும் தகரத்துக்கும் பைப்புக்கும், வயற்காரர்கள் நெல்லை விற்ற கையோடு காசு கொண்டு வருகின்ற காலம் அது. நற்பிட்டிமுனையில் ஒரு சிறிய ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் எனக்கு, வருடத்தின் பாதி வரவு அந்த ஆறேழு வாரங்களுக்குள்தான் வந்து சேரும்.

அப்படியான ஒரு காலையில் மின்சாரம் போய்த் திரும்பி வந்த வேகத்தில் கடைக் கம்பியூட்டரின் மதர்போட் கருகிவிட்டது. கம்பியூட்டர் திருத்தும் தம்பியைக் கூப்பிட்டேன். கல்முனைக்குப் போய் வேறு ஒரு போட் வாங்கி வந்து மாலைக்குள் பூட்டித் தந்தார். வன்தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கணக்கெல்லாம் பத்திரம் என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி பில் போடும் மென்பொருளைத் திறந்தால், 'இந்தக் கம்பியூட்டருக்கு உரிமம் இல்லை' என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அதற்கு அப்பால் ஓர் அங்குலமும் நகரவில்லை.

மென்பொருளை விற்ற கொழும்பு நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். 'உங்கள் பழைய கம்பியூட்டருக்குத்தான் உரிமம் தந்தோம், இது வேறு கம்பியூட்டர், புதிய உரிமம் எடுக்க வேண்டும், பழைய வாடிக்கையாளர் என்பதால் பாதி விலை' என்று பதில் வந்தது. நான் விற்கின்ற ஹார்ட்வெயார் வேறு, அவர்கள் சொல்கின்ற ஹார்ட்வெயார் வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒரு சாமானை மாற்றினால் முழு இயந்திரமுமே வேறாகிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

இதன் உள்விடயத்தைப் பல வியாபாரிகள் அறிந்திருப்பதில்லை. கம்பியூட்டரில் உள்ள முக்கிய பாகங்கள் பலவற்றுக்கும் தனித்தனி இலக்கங்கள் உண்டு. மதர்போட், வன்தட்டு, நெட்வேர்க் காட் போன்றவற்றின் இலக்கங்களைச் சேர்த்து மென்பொருள் ஓர் அடையாளத்தை உருவாக்கிக்கொள்கிறது. நாம் வாங்கும் உரிமம் அந்த அடையாளத்தோடு கட்டப்படுகிறது. பாகம் மாறினால் அடையாளம் மாறும், அடையாளம் மாறினால் பூட்டுத் திறக்காது.

இதனை உலகறியச் செய்தது 2001ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பி. அது பத்து வகையான வன்பொருள் அடையாளங்களைப் பார்த்தது. ஒன்றிரண்டு மாறினால் பொறுத்துக்கொண்டது, பல மாறினால் மறுபடியும் பதியச் சொன்னது. இன்றைய விண்டோஸிலும் அடிப்படை அதுதான். புதிய கம்பியூட்டரோடு சேர்ந்து வருகின்ற விண்டோஸ் உரிமம் அந்தக் கம்பியூட்டரோடு மட்டுமே வாழும். அதை வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோக முடியாது. தனியாக, முழு விலை கொடுத்து வாங்குகின்ற உரிமத்தைப் பழையதிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். 2016ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 10இல் உரிமத்தை நமது மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்து வைக்கின்ற வசதியும் வந்தது. அவ்வாறு இணைத்தவர், அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்று அதற்குரிய இடத்தில் தெரிவித்து உரிமத்தை மீட்க முயலலாம். இணைக்காதவருக்கு அந்த வழி இல்லை.

கணக்கு மென்பொருள்களில் நம்மவர்கள் பலரும் அறிந்த டாலி வேறொரு முறையைக் கையாள்கிறது. கம்பியூட்டரை மாற்றுவதற்கு முன்னர் பழையதிலேயே உரிமத்தை 'ஒப்படைக்க' வேண்டும். அதன் பின்னர் புதியதில் எழுப்பிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதர்போட் நமக்குச் சொல்லிவிட்டு எரிவதில்லையே. அவ்வேளையில் உரிமம் யாருடைய ஈமெயிலில் பதியப்பட்டிருக்கிறது என்பதே முக்கியமாகிறது.

இந்த விடயம் இப்போது இன்னும் அவசரமாகிவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 கேட்கின்ற பாதுகாப்பு வசதிகள் பழைய இயந்திரங்கள் பலவற்றில் இல்லை. ஆகவே நம்மில் பலர் கம்பியூட்டரை மாற்றத்தான் போகிறோம். மாற்றிய பின்னர் விழித்துக்கொள்வதை விட, மாற்றுவதற்கு முன்னர் கேட்டுக்கொள்வது நல்லது.

பத்து நிமிச வழி

எனது கதைக்கு வருகிறேன். திருத்த வந்த தம்பி எனது முகத்தைப் பார்த்துவிட்டு, "காக்கா, கவலப்படாதீங்க. இதுக்கு ஒரு கிரெக் இருக்கு. பத்து நிமிச வேலை" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன், மனம் தடுமாறியது. காசு கொடுத்து வாங்கிய சாமானைத் திறப்பதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்று தோன்றியது. தராசு வைத்திருந்த மேசை உடைந்தால் தராசுக்கு மறுபடியும் காசு கட்டுவோமா?

ஆனாலும் அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். நான் வாங்கியது தராசைப் போன்ற சாமானா அல்லது கடை அறையை வாடகைக்கு எடுப்பது போன்ற ஒரு பாவனை உரிமையா? வாங்கிய நாளில் நான் அதைக் கேட்கவே இல்லை. இன்னதுதான் ஒப்பந்தம் என்று தெரியாமல் காசைக் கொடுத்துவிட்டு, எனக்கு வசதியான ஒப்பந்தத்தை நானே எழுதிக்கொள்வது நியாயமாகாது. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தனது 5ஆவது அமர்வில், வர்த்தகப் பெயர், வர்த்தகச் சின்னம், எழுத்து, கண்டுபிடிப்பு போன்றவை உரியவர்களின் சொத்துரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்றும் தீர்மானித்திருக்கிறது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் மென்பொருளைப் பாதுகாக்கிறது. உரிமை மீறிய மென்பொருள் என்று தெரிந்துகொண்டே வியாபார இலாபத்துக்காகப் பாவிப்பது அச்சட்டப்படி குற்றமாகும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பூட்டுக்கு நாமும் ஒரு காரணம். ஒரு கடைக்காரர் வாங்கிய சீடி எத்தனை கடைகளுக்குக் கைமாறியது என்பது அந்தக் காலத்து வியாபாரிகளுக்குத் தெரியும். 'எரிந்துவிட்டது, இன்னொரு இலக்கம் தாருங்கள்' என்று கேட்பவரில் யார் உண்மை சொல்கிறார், யார் மச்சானின் கடைக்கு எடுத்துக் கொடுக்கிறார் என்று கொழும்பில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு துண்டு பற்றுச்சீட்டு

இதற்கிடையில் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சேனைக்குடியிருப்பிலிருந்து பல வருடங்களாக எம்மிடம் சாமான் எடுக்கின்ற ஓர் ஐயா காசோடு வந்தார். நிலுவை எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். "உங்கட மெசின் மறந்தாலும் எனக்கு நினைவிருக்குத் தம்பி" என்று சொல்லி, எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாவை எண்ணி வைத்தார். பின்னர் கணக்குத் திறந்ததும் பார்த்தேன். ஒரு ரூபாவும் பிசகில்லை.

ஆனால் எல்லோரும் அவ்வாறு இருக்க முடியாது. மறந்தவர்களும் இருந்தார்கள். நான் உத்தேசமாகச் சொன்ன தொகையைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். கூடுதலாகக் கேட்டுவிட்டேனோ என்று எனக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. மென்பொருள் பூட்டியதால் எனக்கு ஏற்பட்ட பெரிய நட்டம் அதுதான். பாதி விலை உரிமக் காசு அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

ஆறாம் நாள் பழைய பைல்களைக் கிளறியபோது மென்பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு அகப்பட்டது. அதில் 'ஒரு கடைக்கான உரிமம்' என்றுதான் எழுதியிருந்தது, 'ஒரு கம்பியூட்டருக்கான உரிமம்' என்று இருக்கவில்லை. அதைப் படம் பிடித்து அனுப்பினேன். எரிந்த மதர்போட்டையும், புதியதை வாங்கிய பில்லையும் சேர்த்து அனுப்பினேன். முகாமையாளர் பேசினார். ஒன்பதாம் நாள் கட்டணம் ஏதுமின்றிப் புதிய இலக்கம் வந்தது. சண்டையும் இல்லை, கிரெக்கும் இல்லை. வேலையை முடித்தது ஒரு துண்டுக் காகிதம்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

நான் பட்டதிலிருந்து கற்றவற்றைச் சகோதர வியாபாரிகளுக்குச் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, உரிமம் எதன் பேரில் தரப்படுகிறது என்று கேளுங்கள். கடையின் பேரிலா, ஒரு கம்பியூட்டரின் பேரிலா, பென்டிரைவ் போன்ற டொங்கிளின் பேரிலா? பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

இரண்டாவது, பதிவு செய்கின்ற ஈமெயிலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாக இருக்கட்டும். பூட்டித் தருகின்ற தம்பி அவசரத்துக்குத் தனது ஈமெயிலைப் போட்டுவிடுவார். அடுத்த வருடம் அவர் கட்டாரில் இருப்பார். உரிமமும் அவரோடு போய்விடும்.

மூன்றாவது, மதர்போட் எரிந்தால் எத்தனை தடவை மறுபதிவு செய்து தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள், எவ்வளவு கட்டணம் என்பவற்றை முன்கூட்டியே கேளுங்கள். கட்டணம் இருப்பது தவறல்ல. அதை முன்னரே சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

நான்காவது, கம்பியூட்டரை நீங்களாக மாற்றுவதாக இருந்தால், பழையதை அழிப்பதற்கோ விற்பதற்கோ முன்னர் உரிமத்தை அதிலிருந்து நீக்குங்கள் அல்லது ஒப்படையுங்கள்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கணக்கை அந்த மென்பொருளுக்கு வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எனது வன்தட்டு பத்திரமாக இருந்தும் கணக்கைப் பார்க்க முடியாமல் போனது ஏன்? அந்தக் கோப்பை அந்த மென்பொருள் மட்டுமே திறக்கும். பிரதி எடுத்து வைத்திருந்தேன், அதுவும் அதே வகைக் கோப்புத்தான். இப்போது ஒவ்வொரு வியாழன் இரவும் கடன்காரர் பட்டியலை எக்செலில் எடுத்து, ஒரு பென்டிரைவில் வீட்டில் வைக்கிறேன். மாதம் ஒரு தடவை காகிதத்திலும் அச்செடுக்கிறேன். கால் மணி நேர வேலை.

விற்பவருக்கும் கடமை உண்டு

நம்மை மட்டும் திருத்திக்கொண்டால் போதாது. மென்பொருள் விற்பவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது இருக்கிறது. ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது ஒபிஸ் 2013ஐ, முதலில் போட்ட கம்பியூட்டரை விட்டு மாற்றவே முடியாது என்ற நிபந்தனையோடு கடைகளுக்கு விட்டது. வாடிக்கையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே நிபந்தனை மாற்றப்பட்டது. 90 நாளைக்கு ஒரு தடவை வேறு கம்பியூட்டருக்கு மாற்றலாம், வன்பொருள் பழுதடைந்தால் அதற்கு முன்னரும் மாற்றலாம் என்றார்கள். உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றே வாடிக்கையாளர்களின் குரலுக்கு இறங்கி வந்தபோது, நமது நாட்டில் பில் மென்பொருள் விற்பவர்கள் இறங்கி வர மாட்டார்களா?

தனியொரு கடைக்காரர் கேட்டால் பாதி விலை என்பார்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று ஊர் ஊராக உள்ள நமது வர்த்தக சங்கங்கள் ஒரே குரலில் இரண்டு விடயங்களைக் கேட்கலாம். வன்பொருள் பழுதானதற்கு ஆதாரம் காட்டினால் மறுபதிவு செய்து தர வேண்டும். உரிமம் பூட்டப்பட்ட நாட்களிலும் கணக்கைப் பார்ப்பதற்கு மட்டுமாவது அனுமதிக்க வேண்டும். புதிய பில் போட விடாமல் தடுப்பது அவர்களின் உரிமையைக் காக்கும். பழைய கணக்கைப் பார்க்க விடாமல் தடுப்பது எமது உரிமையைப் பறிக்கும். மென்பொருள் அவர்களுடையது, கணக்கு நம்முடையது.

நம்முடையது என்று சொல்வதும் முழுமையாகச் சரியல்ல. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் ஸூரா அல்-பகராவின் 282ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. 2004 டிசம்பர் 26இல் நமது கரையோரத்தைக் கடல் அள்ளியபோது கடைகளோடு கடன் கொப்பிகளும் போயின. கொடுத்தவர்களில் பலரும் எடுத்தவர்களில் பலரும் அன்று உயிரோடு இருக்கவில்லை. மிஞ்சிய குடும்பங்களுக்கு, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஓர் எழுத்தும் இருக்கவில்லை.

ஜனாஸா தொழுகைக்கு முன்னர், மரணித்தவர் யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் குடும்பத்தாரிடம் தெரிவியுங்கள் என்று அறிவிக்கக் கேட்டிருக்கிறோம். நாளை எனது பிள்ளைகள் அந்த அறிவித்தலைச் செய்யும்போது, நான் கொடுக்க வேண்டியதும் எனக்கு வர வேண்டியதும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு மதர்போட் எரிந்ததற்காக அது ஒரு பூட்டுக்குப் பின்னால் கிடக்கக் கூடாது. ஆகவே இந்த வியாழன் இரவு கடை பூட்டுவதற்கு முன்னர் உங்கள் கடன்காரர் பட்டியலை ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியவில்லை என்றால், மென்பொருள் தந்தவருக்கு மறுநாளே போன் எடுங்கள். இன்ஷா அல்லாஹ், கம்பியூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்.