தாழிக்குள் யாரும் கத்தவில்லை

அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே கிடையாது என்பாள் எங்கள் ஆச்சி. வயது ஏற ஏற உடம்பு குறுகிக்கொண்டே வருமாம். கடைசியில் குரங்குக்குட்டி அளவுக்கு வந்தவர்களை, யார் காலிலும் மிதிபடாமல் இருக்க விளக்கு மாடத்தில் தூக்கி வைப்பார்களாம். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன பிள்ளைகள் ஒருநாள் பெரிய பானைக்குள் அவர்களை உட்கார வைத்து, சோறு, தண்ணீர், எண்ணெய் எல்லாம் பக்கத்தில் வைத்து மூடிப் புதைத்துவிடுவார்களாம். அதற்குப் பெயர் மதமதக்கத் தாழி. 1870களில் பாதிரியார் கால்டுவெல் திருநெல்வேலிச் சீமையில் கேட்டு எழுதிவைத்த கதையும் ஏறக்குறைய இதுவேதான்.

கிணறு வெட்டும்போது பானையும் எலும்பும் தட்டுப்பட்டால், பார்த்தவர்கள் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? கதையாக இருந்தவரை அதில் பிழையில்லை. ஆனால் குரங்குக்குட்டியும் விளக்கு மாடமும் உதிர்ந்துபோய், 'சாகாமல் இழுத்துக்கொண்டிருந்த கிழவர்களை உயிரோடு புதைத்தார்கள்' என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சி, இன்று அது வரலாறு என்று நடமாடுகிறது. ஓர் அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளைத் தாழி முன்னால் நிறுத்தி ஆசிரியர் ஒருவர் இதையே பாடமாகச் சொன்னதை நான் நேரில் கேட்டேன். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி கேட்டாள்: "உள்ள இருந்து கத்துனா வெளிய கேக்காதா சார்?" அவர் பதில் சொல்லாமல் அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார். நம் முன்னோர் மேல் சுமத்தப்பட்ட இந்தப் பழியை அந்தப் பிள்ளை உண்மையென்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பாள். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை.

தாழிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர் இடுகாட்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார். 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையிலும், தாமிரபரணிக் கரையோரச் சிவகளையிலும் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியிருக்கிறது. தாழியில் நிறைந்திருக்கும் மண்ணைத் தூரிகையால் விரல்கடை விரல்கடையாக எடுத்துக்கொண்டே போனால், எலும்புகள் கிடக்கும் வரிசை தெரியவரும். முழு உடலை உட்கார வைத்திருந்தால், சதை மக்கியபின் எலும்புகள் இருந்த இடத்திலேயே சரியும். பாதத்தின் சிற்றெலும்புகள் அடியில் கிடக்கும், விரல் கணுக்களும் முழங்கால் சில்லும் அருகிலேயே இருக்கும். பல தாழிகளில் அப்படியில்லை. மண்டையோடும் தொடை எலும்பும் கை எலும்பும் மட்டும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும், கணுக்களைக் காணோம். சில தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டவரின் எலும்புகள். வேறெங்கோ மக்கவிட்ட உடலிலிருந்து பிறகு பொறுக்கி எடுத்து வைத்தவை இவை. எலும்பாகிப்போனவரை எப்படி உயிரோடு புதைப்பது?

முழு உடலாக மடக்கி வைத்த தாழிகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உடனே 'பார்த்தீர்களா' என்பார்கள். இறந்த சில மணி நேரத்தில் விறைக்கும் உடல் ஒன்றிரண்டு நாளில் மறுபடி தளர்ந்துவிடும். விறைக்கும் முன்போ தளர்ந்த பின்போ காலை மடக்கி உட்கார வைப்பது பெரிய காரியமே இல்லை. இன்றும் சில சமூகங்கள் தம் பெரியவர்களை உட்கார வைத்துத்தான் அடக்கம் செய்கின்றன. அவர்களைப் பார்த்து யாரும் கொலைகாரர் என்பதில்லை.

கொந்தகையில் 2020இல் குழந்தைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அந்த இடுகாடு கிழவர்களைக் கழித்துக்கட்டும் இடமாக இருந்தால் குழந்தைக்கு அங்கே என்ன வேலை? ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் உள்ளும் வெளியும் இரும்பு வாளும் ஈட்டியும் கிடைத்தன. நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள் கிடைத்தன. வேண்டாம் என்று கழித்துவிட்ட ஆளின் நெற்றிக்கு யார் பொன் வைப்பார்கள்?

சோறும் தண்ணீரும் வைத்தார்களே, உயிரோடு இருந்தவருக்குத்தானே சாப்பாடு என்பது அடுத்த வாதம். இதைச் சொல்பவர் தம் வீட்டுச் சாவில் வாய்க்கரிசி போட்டதை மறந்துவிட்டார். பதினாறாம் நாள் படையலில் அப்பாவுக்குப் பிடித்த சுருட்டை வைத்தவர்கள் நாம். சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வு சொன்னதைத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த நெல்லுக்கும் நம் வாய்க்கரிசிக்கும் இடையே பெரிய தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெயரும் குழப்பத்துக்குத் துணைபோகிறது. இந்தத் தாழியை இன்று முதுமக்கள் தாழி என்கிறோம்; 'முதுமக்கள்' என்றதும் முதியோர் என்று எடுத்துக்கொள்கிறோம். முதுகுடி, மூதூர் என்கிறோமே, அந்த 'முது' பழமையைச் சொல்வது. சங்கப் பாடல்களில் தாழி, ஈமத்தாழி என்றுதான் வரும். புறநானூறு 256இல் கணவனை இழந்த ஒருத்தி, அவனுக்குச் செய்யும் தாழியில் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையச் சொல்லிக் குயவனிடம் கெஞ்சுகிறாள். 228இல் புலவர், இறந்த சோழன் கிள்ளிவளவனின் பெருமைக்கு ஏற்ற தாழியை உன்னால் வனைய முடியுமா என்று குயவனுக்காக இரங்குகிறார். பதிற்றுப்பத்தும் மன்னரை அடக்கிய தாழிகளைப் பேசுகிறது. மணிமேகலை, பிணத்தைச் சுடுவது, புதைப்பது என்று வழிகளை அடுக்கும்போது தாழியால் கவிப்பதையும் அந்த வரிசையிலேயே வைக்கிறது. இந்த இடங்களில் எல்லாம் தாழி பிணத்துக்குத்தான்.

தலைக்கூத்தல் என்ற பெயரில் நம் தென்மாவட்டச் சிற்றூர்களில் நடப்பதை எல்லோரும் அறிவோம். படுக்கையில் கிடக்கும் தாயைக் குளிரக் குளிர எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துக் கொண்டே இருந்து கொன்றுவிடுவது. "அந்தக் காலத்துலயே தாழியில வச்சவங்கதான நாம" என்று அதற்கு நியாயம் சொன்னவரை நான் சந்தித்திருக்கிறேன். நேற்றைய கொலைக்கு மூவாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் தேடிக் கொடுக்கிறது இந்தப் பொய். நான் இவ்வளவு கோபப்படுவது அதனால்தான்.

அன்று அந்தச் சிறுமியை வாசலில் பிடித்து, இறந்தவர்களைத்தான் வைத்தார்கள் பாப்பா, பல பேரை எலும்பான பிறகு எடுத்து வைத்தார்கள் என்றேன். அவள் ஒரு நொடி யோசித்தாள். "எங்க தாத்தாவுக்கு ரெண்டாம் நாள் காட்டுக்குப் போயி, எலும்பெல்லாம் பொறுக்கி, பால் ஊத்தி, கலயத்துல போட்டாங்க. அது மாதிரியா?"

அது மாதிரிதான் என்றேன்.