நல்ல நோக்கம் யார் பெயரில் இருக்கிறது?



2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஜெர்ரி கிரீன்ஃபீல்டு என்பவர், தாமும் தம் நண்பரும் தொடங்கி, 47 ஆண்டுகள் தாம் பணியாற்றிய ஐஸ்கிரீம் நிறுவனத்தைவிட்டு விலகினார். நிறுவனத்தின் பெயரே 'பென் அண்டு ஜெர்ரிஸ்' என்பதுதான். தம் பெயர் எழுதிய வாசல் வழியாகவே வெளியேறினார் என்று சொல்லலாம். ஐஸ்கிரீம் விற்கிறவர் வேலையை விட்டதில் நாம் சிந்திக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தொழிலைப் பிறர் நலனுக்காக நடத்த விரும்பும் எவரும் கவனிக்க வேண்டிய கேள்வி ஒன்று அதில் இருக்கிறது.

1978ஆம் ஆண்டு வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில், கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையம் ஒன்றைச் சீர்செய்து, பென் கோகனும் ஜெர்ரியும் கடை திறந்தார்கள். ஐஸ்கிரீம் செய்வதை அவர்கள் கற்றுக்கொண்டது 5 டாலர் கட்டணத்தில் ஓர் அஞ்சல்வழிப் பாடத்தில். வியாபாரம் வளர்ந்தபோது, 1984இல், முதலில் தங்கள் மாநில மக்களுக்கே பங்குகளை விற்றார்கள். அடுத்த ஆண்டு அறக்கட்டளை ஒன்றை நிறுவி, வரிக்கு முந்தைய இலாபத்தில் 7.5 விழுக்காட்டை ஒதுக்கினார்கள். உயர்ந்த ஊதியம் பெறுகிறவர், குறைந்த ஊதியம் பெறுகிறவரைப்போல் 5 மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று விதி வைத்தார்கள். அந்த விதி 1990களிலேயே தளர்ந்துவிட்டது. வெளியிலிருந்து மேலாளர் தேடியபோது, அந்தச் சம்பளத்திற்கு வர ஆள் கிடைக்கவில்லை.

2000ஆம் ஆண்டு யூனிலீவர் என்ற பன்னாட்டு நிறுவனம் 32 கோடியே 60 இலட்சம் டாலருக்கு இதை வாங்கியது. பங்குகள் சந்தையில் இருந்ததால், நல்ல விலை வந்தபோது மறுப்பது கடினமாயிற்று. ஆயினும் ஒப்பந்தத்தில் ஒரு வேலி போட்டார்கள். நிறுவனத்தின் சமூக நோக்கத்தைக் காக்கத் தனியான, சுதந்திரமான நிர்வாகக் குழு ஒன்று இருக்கும் என்பதே அது. இருபது ஆண்டுகள் அந்த வேலி ஓரளவு நின்றது. 2021இல், பாலஸ்தீனத்தின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் விற்பனை செய்வதில்லை என்று ஐஸ்கிரீம் நிறுவனம் அறிவித்தது. 2022இல் யூனிலீவர் இஸ்ரயேலில் நடந்த வியாபாரத்தையே உள்ளூர் உரிமதாரருக்கு விற்றுவிட்டது. வழக்கு, சமரசம், 2024இல் மீண்டும் வழக்கு. கடைசியில் ஜெர்ரி, தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட சுதந்திரம் போய்விட்டது என்று சொல்லி விலகினார். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. 2025 டிசம்பரில் யூனிலீவரின் ஐஸ்கிரீம் பிரிவு முழுவதும் 'மேக்னம்' என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. பென் அண்டு ஜெர்ரிஸும் அதனோடு போயிற்று.

அவர்கள் எடுத்த அரசியல் நிலைப்பாடுகள் சரியா, தவறா என்பது வேறு விவாதம். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமை கடைசியில் யார் கையில் இருந்தது என்று மட்டும் பாருங்கள். நல்ல எண்ணத்தோடு தொடங்கியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கிறது. ஆனால் சொத்து இன்னொருவருடையது.

இங்கிலாந்தில் அனிதா ராடிக் என்ற பெண்மணியின் கதையும் இதே பாதையில் சென்றது. 1976இல் பிரைட்டன் நகரில் 'பாடி ஷாப்' என்ற சிறு அழகுப்பொருள் கடையைத் திறந்தார். விலங்குகளைத் துன்புறுத்திச் சோதிக்காத பொருள்கள், ஏழை நாட்டு உற்பத்தியாளர்களிடம் நியாயமான விலைக்குக் கொள்முதல் என்று உலகமெங்கும் பெயர் பெற்றார். 2006இல் லோரியால் நிறுவனத்திற்கு விற்றபோது, உள்ளே இருந்துகொண்டு அந்தப் பெரிய நிறுவனத்தையே மாற்றிவிடலாம் என்று நம்பினார். மறு ஆண்டே காலமானார். 2017இல் கடை பிரேசில் நாட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது, 2023இல் முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கைக்கு. 2024 பிப்ரவரியில் பிரிட்டனில் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாகி, பல கடைகள் மூடப்பட்டன. அதே ஆண்டு மீண்டும் கை மாறிற்று. விலை போட்டு வாங்கிய ஒவ்வொருவரும் பெயரையும் வாசனையையும்தான் வாங்கினார்கள். அனிதாவின் மனச்சாட்சி அந்த விலைப்பட்டியலில் இல்லை.

இந்த அனுபவங்களைப் பார்த்தவர்களில் ஒருவர் வேறு வழி தேடினார். அமெரிக்காவில் மலையேறுவோருக்கான ஆடைகள் தயாரிக்கும் 'பட்டகோனியா' நிறுவனத்தின் இவோன் சுய்னார்டு, 2022 செப்டம்பரில், ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புள்ள தம் நிறுவனத்தை விற்கவில்லை. பங்குச் சந்தைக்கும் கொண்டுபோகவில்லை. வாக்குரிமை உள்ள 2 விழுக்காட்டுப் பங்குகளை ஓர் அறக்காப்பகத்திடமும், வாக்குரிமை இல்லாத 98 விழுக்காட்டை இயற்கையைக் காக்கும் அமைப்பு ஒன்றிடமும் ஒப்படைத்தார். இனி இலாபம் சுற்றுச்சூழலுக்குப் போகும். நிறுவனத்தை விற்கும் முடிவை அறக்காப்பகமே எடுக்க முடியும். பாராட்டத்தக்க செயல்தான். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தைக்கிறவர்களுக்கும் கடையில் நிற்கிறவர்களுக்கும் இந்த ஏற்பாட்டில் வாக்கு இல்லை. ஒரு நல்ல மனிதர் தமக்குப்பின் சில நல்ல மனிதர்களை நியமித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதைவிட ஆழமாகச் சிந்தித்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. இஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த தந்தை ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா. 1915இல் பிறந்தவர், குழந்தைப் பருவத்தில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தின் பத்திரிகையில் எழுதியதற்காகச் சிறையில் கிடந்தவர். குருவானபின், பெல்ஜியம் சென்று சமூகவியல் படிக்க ஆசைப்பட்டார். ஆயரோ அவரை 1941இல் மொந்த்ரகோன் என்ற சிற்றூருக்கு உதவிப் பங்குத்தந்தையாக அனுப்பினார். போரில் நொந்த ஊர். வறுமை, பகை, வேலையின்மை. புதிய குருவின் மறையுரைகள் அவ்வளவு சுவையாக இல்லை என்று மக்கள் குறைப்பட்டதாகவும் சொல்வார்கள். (நம் பங்குகளிலும் இப்படிக் குறைப்படுகிறவர்கள் உண்டு, அவர்கள் இந்தக் குருவின் பிற்கால வரலாற்றையும் படிப்பது நல்லது.)

ஊரில் பூட்டு முதலிய இரும்புப் பொருள்கள் செய்யும் ஒரே பெரிய ஆலை இருந்தது. அதன் தொழிற்பள்ளியில், ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கே இடம். மற்றப் பிள்ளைகளையும் சேர்க்கும்படி தந்தை கேட்டார், கதவு திறக்கவில்லை. 1943இல் ஊர் மக்களின் சிறு நன்கொடைகளைக்கொண்டு தனிப் பள்ளி தொடங்கினார். முதலில் ஏறத்தாழ 20 மாணவர்கள். அவர்களில் சிலர் மேற்படிப்பும் முடித்து, அதே ஆலையில் பொறுப்பான வேலைகளில் அமர்ந்தார்கள். தொழிலாளருக்கும் ஆலையில் பங்கு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1956இல் ஐந்து இளைஞர்கள் வெளியேறித் தங்கள் பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்து 'உல்கோர்' என்ற பெயரில் எண்ணெய் அடுப்பு செய்யும் கூட்டுறவு ஆலையைத் தொடங்கினார்கள். பள்ளி தொடங்கியதற்கும் ஆலை தொடங்கியதற்கும் இடையே 13 ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். பணம் திரட்டுவதற்குமுன் ஆள்களை உருவாக்கினார் அந்தக் குரு.

அமைப்பு எளியது. உழைக்கிறவர்கள் உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் சேரும்போது ஒரு தொகையை முதலாகப் போடவேண்டும். மேலாளராயினும் கடைநிலைத் தொழிலாளியாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு. மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இலாபத்தில் ஒரு பகுதி கல்விக்கும் ஊர் நலனுக்கும், ஒரு பகுதி பொதுச் சேமிப்புக்கும், மீதி ஒவ்வோர் உறுப்பினரின் கணக்கிலும் சேரும். அந்தக் கணக்கிலுள்ள முதலைப் பணியைவிட்டுப் போகும்போதுதான் எடுக்கமுடியும். தொடக்கத்தில் ஊதிய வேறுபாடு 3 மடங்குக்கு மேல் கிடையாது. பின்னர் அது பொதுவாக 6 மடங்குவரை உயர்ந்தது. 1959இல் தந்தை ஒரு மக்கள் வங்கியையும் தொடங்கச் செய்தார். ஆலை நடத்தியவர்களே முதலில் தயங்கினார்கள். எங்களுக்கு அடுப்பு செய்யத்தான் தெரியும், வங்கி எதற்கு என்றார்கள். பிற்காலத்தில் புதிய கூட்டுறவுகள் பிறப்பதற்கு அந்த வங்கியே தாய்மடியாயிற்று. இன்று மொந்த்ரகோன் கூட்டமைப்பில் ஏறத்தாழ 70,000 பேர் பணிபுரிகிறார்கள். தந்தை 1976இல் இறந்தார். ஆலை எதிலும் அவர் பதவி வகித்ததில்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரிய இறையடியாராக ஏற்றார்.

எல்லாம் நலமாகவே நடந்தது என்று எண்ணவேண்டாம். 1974இல் உல்கோரில் வேலைநிறுத்தம் நடந்து, அதை முன்நின்று நடத்தியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆண்டுகள் கழித்தே திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். அயல்நாடுகளில் திறந்த ஆலைகளில் பணிபுரிகிறவர்களுக்குப் பெரும்பாலும் உறுப்பினர் உரிமை இல்லை. உல்கோரின் வாரிசான 'ஃபாகோர்' வீட்டுச் சாதன நிறுவனம், இஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் சரிந்த பின்னணியில், 2013இல் நொடித்தது. மற்றக் கூட்டுறவுகள் பல கோடி யூரோ கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அங்கேதான் வேறுபாட்டைக் கண்டோம். ஃபாகோரின் கூட்டுறவு உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குப் பிற கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டிய ஓய்வூதியமோ கிடைத்தது. உறுப்பினரல்லாத தொழிலாளருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே ஆலை, ஒரே வீழ்ச்சி. ஆனால் யார் பெயர் பதிவேட்டில் இருந்தது என்பதே அவர்களுடைய அடுத்த மாத உணவைத் தீர்மானித்தது.

2022 டிசம்பரில் 'ஒரோனா', 'உல்மா' என்ற இரு பெரிய கூட்டுறவுகள் கூட்டமைப்பைவிட்டு விலகத் தீர்மானித்தன. தந்தையின் கனவுக்கு இது அடி என்று பலர் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் தூரத்து நகரத்துப் பங்குத் தரகர்கள் அல்லர். அந்த ஆலைகளின் தொழிலாளர்களே கூடி வாக்களித்து எடுத்தார்கள். கூட்டமைப்பைவிட்டு விலகினாலும் கூட்டுறவுகளாகவே தொடர்கிறார்கள்.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், 2009இல் வெளியிட்ட 'உண்மையில் அன்பு' என்ற சுற்றுமடலில், இலாபத்திற்கான நிறுவனங்களுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் இடையே பரந்த ஒரு வெளி உருவாகிவருவதைச் சுட்டிக்காட்டினார். இலாபத்தை மனிதநேய நோக்கங்களுக்கான கருவியாகக் கொள்ளும் நிறுவனங்கள் அவை. 1991இல் பிரேசில் நாட்டில் கியாரா லூபிக் தொடங்கிவைத்த 'ஒன்றிப்பின் பொருளாதாரம்' முயற்சியையும் அங்கே நினைவுகூர்ந்தார். தொழில் என்றாலே பேராசை என்றும், அறப்பணி என்றாலே நன்கொடை என்றும் பிரித்துப் பழகிய நம்மில் பலர் அந்தப் பகுதியை இன்னும் படிக்கவில்லை.

நம் கடற்கரைப் பங்கு மக்களுக்கு இதெல்லாம் அயல்நாட்டுக் கதை அல்ல. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் முன்பு நடந்ததை முதியவர்கள் அறிவார்கள். வலைக்கும் வள்ளத்திற்கும் தரகரிடம் முன்பணம் வாங்கவேண்டும். வாங்கியவர் பிடிக்கும் மீனை அந்தத் தரகரிடமே, அவர் சொல்லும் விலைக்கே விற்கவேண்டும். தரகருக்கோ கடன் தீருவதில் அக்கறை இல்லை. கடன் இருக்கும்வரை மீன் அவருடையது. 1960களில் திருவனந்தபுரம் அருகே மரியநாட்டிலும், தொடர்ந்து கோட்டாறு மறைமாவட்டத்துக் கிராமங்களிலும் திருச்சபையின் சமூகப் பணியாளர்கள் தூண்டுதலால் மீனவர் சங்கங்கள் பிறந்தன. கரையில் மீனை ஏலம் விடுவது சங்கத்தின் ஆள். பணத்தைச் சங்கமே மீனவருக்குக் கொடுக்கும். அன்றைய வரவில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்படும். மீன் கிடைக்காத நாளில் தவணையும் இல்லை. கடலை அறிந்தவர்கள் வகுத்த விதி என்பது இதிலேயே தெரிகிறது. கடலுக்குப் போகிறவர்களே உறுப்பினர்கள், வியாபாரிக்கு இடமில்லை. இந்தச் சங்கங்கள் இணைந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. ஒட்டுப்பலகை வள்ளம் கட்டுவது, படகு இயந்திரம் விற்பதும் பழுது பார்ப்பதும் என்று அது வளர்ந்தது. தூண்டிய குருக்களும் துறவியரும் இடம் மாறிப் போனார்கள். ஏலம் தொடர்ந்து நடந்தது.

இப்போது நம் பங்குகளில் இருக்கும் தையல் கூடங்களையும், மெழுகுவர்த்தி, ஊறுகாய், சோப்புத் தயாரிக்கும் குழுக்களையும் எண்ணிப் பாருங்கள். ஆர்வமுள்ள ஓர் அருள்சகோதரியோ பங்குத்தந்தையோ தொடங்கிவைக்கிறார். நன்கொடையில் இயந்திரம் வருகிறது. திருவிழாவில் நன்றாக விற்கிறது. பிறகு மாறுதல் ஆணை வருகிறது. ஓராண்டு கழித்து அந்தக் கூடத்தைப் பூட்டியபடி காண்கிறோம். பெண்களிடம் திறமை இல்லை என்று அப்போது சிலர் சொல்கிறார்கள். தைத்தவர்கள் அவர்கள்தாமே, திறமை எங்கே போயிற்று? இயந்திரமும் வங்கிக் கணக்கும் விலை சொல்லும் உரிமையும் அவர்கள் பெயரில் ஒருநாளும் இருந்ததில்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக நம் நாட்டுக் கம்பெனிச் சட்டத்தில் 'உற்பத்தியாளர் நிறுவனம்' என்ற வகையும் சேர்ந்தது. உழவர், மீனவர், கைவினைஞர் என உற்பத்தி செய்கிறவர்கள் 10 பேர் கூடினால் தொடங்கலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். பங்குகளை வெளியாருக்கு விற்க முடியாது. கணக்கும் தணிக்கையும் ஆண்டுதோறும் வேண்டும் என்பதால் சிறு குழுவுக்குச் சுமைதான். அந்தச் சுமையைத் தாங்குவதற்கு, நம் பங்குகளில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்களும் கணக்கர்களும் ஆசிரியர்களும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் தையல் கூடத்தின் பேச்சு வந்தால், புது இயந்திரம் வாங்க நன்கொடை திரட்டுவதற்குமுன் பழைய இயந்திரத்தின் இரசீதை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.