குயிலுக்கு ஓர் ஆலம்போத்து

குயில் தனக்கென்று கூடு கட்டுவதில்லை. அது ஊரில் பெருக வேண்டுமென்றால் காக்கை கூடு கட்ட வேண்டும். காக்கை கூடு கட்ட உயர்ந்த மரம் வேண்டும். கூவுகிற குயிலுக்கு வருஷம் முழுவதும் தின்னப் பழம் வேண்டும். இவை மூன்றையும் விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் புகழ்ந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் வரை நான் ஏறாத கம்பம் குறைவு. பங்குனி பிறந்துவிட்டால் எங்களுக்குக் காக்கைக்கூடு பார்க்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும். வாகான மரம் கிடைக்காத காக்கை, கம்பத்தின் கிராஸ் ஆர்மில் கூடு வைக்கும். வெறும் சுள்ளி என்றால் பரவாயில்லை. கட்டுக்கம்பி, குடைக்கம்பி, அறுந்த வயர் எல்லாவற்றையும் கொண்டுவந்து செருகும். அதில் ஒன்று நீட்டிக்கொண்டு லைனில் பட்டால் ஃபீடர் டிரிப் ஆகிவிடும். மின்சாரத்தை நிறுத்தி எல்.சி. (லைன் கிளியர்) வாங்கிக்கொண்டு ஏறித்தான் எடுக்க வேண்டும்.

அப்படி ஏறும்போது கூட்டுக்குள் பார்க்கக் கிடைக்கும். நீலம் கலந்த பச்சையில் பழுப்புக் கீற்று விழுந்த காக்கை முட்டைகள். அவற்றுக்கு நடுவே, ஏறத்தாழ அதே சாயலில், கொஞ்சம் சிறியதாக ஒன்றோ இரண்டோ கிடந்தால் அது குயிலின் வேலை. கருங்குயில் கூட்டருகே வந்து சத்தம் போட்டு வம்பிழுக்கும். காக்கைகள் அதைத் துரத்திக்கொண்டு போகும் நேரம் பார்த்து, உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெட்டை வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். காக்கை முட்டைக்கு அதைவிட நாள் கூடப் பிடிக்கும். முந்திப் பொரிந்த குஞ்சு முந்தி வாயைத் திறக்கும். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு மற்ற முட்டைகளை வெளியே தள்ளிவிடும். நம் ஊர்க் குயில்குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும்.

கூவுவது ஆண் குயில். பெட்டைக்கு ‘கிக் கிக் கிக்’ என்று வேகமாகக் கத்துகிற குரல்தான் உண்டு. ஆனால் நம் இலக்கியத்தில் பெட்டையே அதிகம் பாடியிருக்கிறது. ஐங்குறுநூற்றின் இளவேனிற்பத்தில் கூவுவது குயிற்பெடை. பாரதி புதுச்சேரியில் எழுதிய ‘குயில் பாட்டு’ நாயகியும் பெண் குயில். இன்றும் பாடகியைத்தான் குயில் என்கிறோம்; சித்ராவுக்குச் ‘சின்னக்குயில்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மேல்நாட்டிலும் இதே கதைதான். இரவில் பாடிப் புகழ்பெற்ற நைட்டிங்கேல் பறவையைக் கிரேக்கர்கள் துயருற்ற பெண்ணாக்கிக் கதை சொன்னார்கள். உண்மையில் ராத்திரி விடிய விடியப் பாடுவது இணை சேராத ஆண் பறவை.

இந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் உரிமை கொண்டாடும் மாணிக்கவாசகரின் கண் கூர்மையானது. பாண்டியனின் அமைச்சராகக் குதிரை வாங்க வந்த அவர் குருந்தமரத்தடியில் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோவில். இறைவனைக் கூவி அழைக்கச் சொல்லிக் குயிலுக்குத் தூது சொல்லும் ‘குயிற்பத்’தை அவர் தில்லையில் பாடினார் என்பது மரபு. அதில் ஓரிடத்தில் குயிலின் உடம்பு நீலம் என்கிறார். வெயிலில் ஆண் குயிலின் கருமை அப்படித்தான் மின்னும். இன்னோரிடத்தில் அதைத் தேன்பழச் சோலையில் வைத்துப் பார்க்கிறார். குயில் இருக்குமிடம் பழமரம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பழமரம்தான் இப்போது குறைந்து வருகிறது. ஆலம்பழம், அரசம்பழம், வேப்பம்பழம், கறிவேப்பிலைப் பழம் என்று குயில் தேடித் தின்னும். நமக்கு விஷமான பொன்னரளிக் காய்கூட அதற்கு ஆகாரம். அவற்றின் இடத்தில் நிற்கிற தைலமரத்தில் அதற்கு என்ன இருக்கிறது? சீமைக்கருவேலங்காய் ஆட்டுக்கு ஆகும், குயிலுக்கு ஆகாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் கம்பங்களும் மரங்களும் ஒன்றாகச் சாய்ந்தன. வெளி மாவட்டத் தொழிலாளர்களும் வந்து கைகொடுத்ததால் கம்பத்தை நட்டு முடித்தோம். விழுந்த ஆலுக்கும் மாவுக்கும் ஈடாக மரம் நட அப்படி யாரும் திரண்டு வரவில்லை.

பாட்டைப் புகழ்வதால் பறவை பிழைத்துவிடாது என்பதற்கு நைட்டிங்கேலே சாட்சி. 1819-இல் கீட்ஸ் அதைப் பாடினார். 1924-இல் ஒரு பெண் செல்லோ வாசிக்க, தோட்டத்து நைட்டிங்கேலின் பாட்டை பி.பி.சி. நேரடியாக ஒலிபரப்பியது. அதே பிரிட்டனில் கடந்த அரை நூற்றாண்டில் அந்தப் பறவை பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டது. அது கூடு வைக்கிற அடர்ந்த புதர்கள் அழிந்துபோனது ஒரு முக்கியக் காரணம். புதுச்சேரி 2007-இல் குயிலை மாநிலப் பறவையாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பட்டம் பசியாற்றாது.

என்ன செய்யலாம்? அலங்கார மரக்கன்றுகளைக் குறைத்துக்கொண்டு கண்மாய்க்கரை, ஊரணிக்கரை, சுடுகாட்டுப் புறம்போக்கில் ஆலும் அரசும் அத்தியும் நாவலும் வைக்கலாம். மடைக்கும் கலிங்குக்கும் பக்கத்தில் மட்டும் ஆல், அரசு வேண்டாம், வேர் கல்கட்டைப் பிளந்துவிடும். மின்கம்பிக்கு நேர் கீழே உயர வளரும் மரம் எதையும் வைக்காதீர்கள். வைத்தால் வருஷா வருஷம் லைன்மேன் வந்து கழித்துவிட்டுத்தான் போவார். அந்த இடத்துக்குக் கறிவேப்பிலை மாதிரிக் குட்டை மரம் போதும். கம்பத்தில் காக்கை சுள்ளி சேர்க்கத் தொடங்கும்போதே அதை எடுத்துவிடுவது நல்லது. முட்டையிடும் முன் எடுத்தால் வேறு மரம் பார்த்துக்கொள்ளும். அமாவாசைக்குக் கூப்பிட்டுச் சோறு வைக்கிற பறவைக்கு இவ்வளவாவது செய்ய வேண்டாமா?

நாம் நட்டால், பழத்தைத் தின்று விதையைப் பரப்பி மீதியைக் குயிலும் மற்றப் பறவைகளும் பார்த்துக்கொள்ளும். பனையின் இடுக்கில் ஆல் முளைத்து நிற்பதை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர் யார்?

அக்டோபர் 2 கிராமசபையில் ஒரு தீர்மானம் போட்டால் ஐப்பசி மழைக்குள் குழி எடுத்துவிடலாம். ஆலம்போத்துக்குப் பணம் வேண்டாம், கேட்டால் யாரும் கிளையை வெட்டித் தருவார்கள். ஆடு கடிக்காமல் சுற்றி முள் வைத்துக் கட்ட ஆள் மட்டும் வேண்டும். முள்ளுக்கு எங்கள் தாலுகாவில் பஞ்சமில்லை. சீமைக்கருவேலம் இதற்காவது உதவட்டும்.